லட்சுமணசாமியின் வெள்ளிச் சிலுவை

துடியலூர் தாண்டி, மேட்டுப்பாளையம் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் ஒரு பழைய பங்களா. ஆடி அமாவாசை அன்று காலை பதினொரு மணிக்கு லோகப்பிரியா அதன் கேட்டருகே ஸ்கூட்டியை நிறுத்தினாள். சமையலறையிலிருந்து பருப்பு வேகும் மணம் வந்தது. அதற்கடியில் இன்னொரு வாடை. உப்பும் அழுகலுமாக, படகின் அடித்தட்டில் தேங்கிய தண்ணீரின் வாடை. கோயமுத்தூரில் ஏது கடல் என்று நினைத்தபடி செருப்பைக் கழற்றினாள்.

"வா அம்மணி," என்றார் வெங்கடபதி. பங்களாவுக்கும் ஒரு கல்லூரிக்கும் சொந்தக்காரர். "தாத்தனுக்குப் படையல் போட்டுட்டு உக்காந்து பேசிக்கலாம்."

தாத்தன் லட்சுமணசாமி, உலகப் போரில் பறக்கும் படகு ஓட்டியவர். படகு மாதிரி வயிறும், இறக்கைகளுக்கடியில் மிதவைகளும் கொண்ட விமானம் அது; தண்ணீரிலேயே இறங்கும், தண்ணீரிலிருந்தே ஏறும். இலங்கையில் ஒரு ஏரிதான் அவருக்கு விமானத்தளம். ஐந்து வருட சேவை, நான்கு பதக்கங்கள். அவற்றில் பெரியது ஒரு வெள்ளிச் சிலுவை. 1942இல் வங்கக் கடலில் எதிரிப் படகு ஒன்றை மூழ்கடித்த கையோடு, அலைக்கு அஞ்சாமல் கடலில் இறங்கி, உயிரோடு யாராவது மிதக்கிறார்களா என்று தேடிப் பார்த்ததற்காகக் கொடுத்தது. தேடினார், ஒருவரும் இல்லை, திரும்பினார். அரசாங்கக் காகிதம் அப்படித்தான் சொன்னது.

அவரைப் பற்றிய புத்தகத்தை லோகப்பிரியா எழுதிக்கொண்டிருந்தாள். கருமத்தம்பட்டியில் தறி ஓட்டும் குடும்பத்தின் முதல் பட்டதாரி அவள். அட்டையில் அவள் பெயர் வரும். எம்.ஏ. படித்து என்னத்தைக் கிழித்தாய் என்று கேட்ட அத்தனை பேர் மூஞ்சியிலும் அந்த அட்டையை விட்டெறிய வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஆனால் லட்சுமணசாமியின் பறப்புக் குறிப்பேட்டில், கடைசிப் பக்கத்தில், பென்சிலால் தமிழில் வேறு ஒன்று எழுதியிருந்தது.

'எதிரிப் படகு அல்ல. பர்மாவிலிருந்து தப்பி வந்த நம் ஜனங்கள். கடலில் இறங்கிய பிறகுதான் அவர்கள் கத்தியது தமிழ் என்று தெரிந்தது. ஏற்றிக்கொண்டால் நான் செய்தது வெளியே வந்துவிடும். மிதவையைப் பிடித்துத் தொங்கினார்கள். கொக்கிக் கம்பால் விரல்களை அடித்து விடுவித்தேன். கடைசியாக ஒரு பெண். இரண்டு அடி வேண்டியிருந்தது.'

போன வாரம் அந்தப் பக்கத்தை நீட்டியபோது வெங்கடபதி சிரித்தார். "வயசான காலத்துல பெருசு எதையோ கிறுக்கிப் போட்டுது. அது புத்தகத்துல வேண்டாம்."

"வரணுமுங்க சார். செத்தவங்களுக்கு அது ஒண்ணுதான் சாட்சி."

"சரி. வேற ஆளை எழுதச் சொல்லிக்கிறேன். அட்டையில அவங்க பேரைப் போட்டுக்கலாம்."

பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை, தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து, அந்தப் பகுதியை நீக்கினாள். 'தேடினார். ஒருவரும் இல்லை' என்று தட்டினாள்.

இன்று அந்தத் தாள்களை வெங்கடபதி புரட்டிப் பார்த்தார்.

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டனுங்க."

"படிச்ச புள்ளைன்னா இதுதான். ஒருக்காச் சொன்னாப் புரிஞ்சுக்குது."

அவளுக்குக் கன்னம் எரிந்தது.

வெங்கடபதியின் மகள் லாஸ்யா ஒரு தட்டோடு வந்தாள். "கொள்ளுத்தாத்தாவுக்கு முட்டை பஃப்ஸ்னா உயிராமாங்க்கா. அமாவாசைன்னு அப்பா வெஜ் பஃப்ஸ் வாங்கிட்டு வந்திருக்கார். கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிரப் போறாரு."

பூஜையறையில் தலைவாழை இலை. இறந்தவர் பொருளை இலையோரம் வைப்பது அந்த வீட்டு வழக்கம். வழக்கமாக மூக்குக் கண்ணாடியை வைப்பார்கள். புத்தகத்துக்குப் படம் எடுப்பதற்காக இந்த வருடம் பதக்கங்கள் பேங்க் லாக்கரை விட்டு வெளியே வந்திருந்தன. வெங்கடபதி வெள்ளிச் சிலுவைக்குச் சந்தனம் வைத்தார், இலையின் தலைமாட்டில் கிடத்தினார், கற்பூரம் காட்டினார்.

"இது ஆருக்குச் சேர வேண்டியதோ, அவங்க வந்து வாங்கிக்கணுமுங்க."

இலையைச் சுற்றித் தண்ணீர் தெளித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். இறந்தவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டு, மூன்று தட்டுத் தட்டிவிட்டுத் திறப்பார்கள். காக்காய்க்குச் சோறு வைக்க லாஸ்யா மாடிக்குப் போனாள்.

கூடத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த உப்பு வாடை இப்போது தொண்டையில் கரித்தது.

வெங்கடபதி தட்டுவதற்குக் கையை ஓங்கினார்.

தட்டும் சத்தம் உள்ளேயிருந்து வந்தது.

மூன்று அல்ல. முப்பது, நாற்பது. அதுவும் கதவின் அடிப்பக்கத்தில், தரையோடு தரையாக, ஈரக் கைகள் அறைகிற சத்தம்.

"எலிங்களா சார்?" லோகப்பிரியாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அவர் கதவைத் திறந்தார்.

அறையில் யாரும் இல்லை. தரை காய்ந்துதான் இருந்தது. ஆனால் அந்தத் தரையின்மேல் வாழையிலை மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது.

"பதக்கம்," என்று முனகிக்கொண்டு வெங்கடபதி உள்ளே கால் வைத்தார். கால் முழங்கால் வரை இறங்கியது.

பிறகு கைகள் வந்தன.

மொசைக் தரையைத் துளைத்துக்கொண்டு, ஊறி வெளுத்த கைகள். ஒவ்வொரு விரலும் பின்பக்கமாக ஒடிந்து தொங்கியது. ஒடிந்த விரல்களாலேயே அவருடைய வேட்டியைப் பற்றின, இடுப்பைப் பற்றின, கழுத்தைப் பற்றின.

"தூக்கி உடுங்க சாமி," என்று தரை கிசுகிசுத்தது. "தூக்கி உடுங்க."

அவர் சரிந்து, வாசற்படியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவர் விரல்மேல் இறங்கியது.

சடக்.

சுண்டுவிரல் பின்னுக்கு மடங்கி, எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வந்தது. அடுத்த விரல். அதற்கடுத்தது. படியில் ரத்தம் வழிந்தது. அவர் வாயைத் திறந்தார். கத்தலுக்குப் பதில் நுரை வந்தது.

லோகப்பிரியா குனிந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். உண்மையாகவே இழுத்தாள். அப்போது ஒரு வெளுத்த கை அவர் முதுகின்மேல் ஏறி, தோளைத் தாண்டி, அவள் பக்கம் நீண்டது.

அவள் பிடியை விட்டாள்.

வெங்கடபதியின் கை அவளுடைய கணுக்காலைப் பற்றிக்கொண்டது. ஒடியாத விரல் அதில் இரண்டுதான் மிச்சம்.

"அம்மணி. தூக்கு."

அவள் மறு காலை ஓங்கி அந்த விரல்களை மிதித்தாள்.

அவை விடவில்லை.

மறுபடியும் மிதித்தாள்.

லாஸ்யா மாடியிலிருந்து இறங்கி வந்தபோது, தொப்பலாக நனைந்து வாசற்படியில் கிடந்தாள் லோகப்பிரியா. உள்ளே இலைக்குப் பக்கத்தில் வெங்கடபதி குப்புறக் கிடந்தார். காய்ந்த தரை. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் நுரையீரலில் உப்புத் தண்ணீர் இருந்ததாகச் சொன்னார். பிறகு அவரே மாரடைப்பு என்று எழுதினார். விரல்களைப் பற்றி எவரும் எதுவும் எழுதவில்லை.

"என்னக்கா ஆச்சு?" என்று லாஸ்யா அழுதபோது லோகப்பிரியா சொன்ன பதில் இவ்வளவுதான்: "இழுத்தேன் கண்ணு. முடியல."

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி, கல்லூரி அரங்கில் புத்தகம் வெளியானது. அட்டையில் அவள் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. முன்வரிசையில் அம்மாவும் அப்பாவும் தறிக்கு லீவு விட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

லாஸ்யா மைக்கைப் பிடித்தாள். "எங்கப்பா உயிருக்குப் போராடுனப்ப, தன் உயிரைப் பத்திக் கவலைப்படாம உள்ளே பாஞ்சு இழுத்தவங்க இந்த அக்கா. இன்னைக்கு இவங்க வீரத்துக்கு எங்க குடும்பம் ஒரு பதக்கம் போடுது."

இல்லை என்று சொல்ல லோகப்பிரியா வாயைத் திறந்தாள். அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

லோகப்பிரியா வாயை மூடிக்கொண்டு கழுத்தைத் தாழ்த்தினாள். பதக்கம் நெஞ்சில் விழுந்தது.

"இப்படிப் பாருங்க மேடம்," என்றார் போட்டோக்காரர். "கொஞ்சம் சிரிங்க."

அவள் சிரித்தாள்.

புடவைக்குள்ளே, கணுக்காலைச் சுற்றி, ஜில்லென்று இரண்டு விரல்கள் இறுகின. பிறகு மற்றக் காலில், வேறொரு கை.