தடைபோட்ட வீட்டில் விளைமீன்

எட்டாவது வீட்டிலும் கிருபாவதியின் நிழல் அவளைக் காட்டிக்கொடுத்தது.

தூத்துக்குடியில் இப்போது நிழற்குடிச் சான்று இல்லாமல் யாரும் வாடகைக்கு வீடு விடுவதில்லை. ஓர் ஆள் வாங்கியது, பேசியது, சண்டை போட்டது எல்லாவற்றையும் குழைத்து அவருக்கு ஒரு நிழலை வார்க்கும் பொறி தருகிற சான்று அது. வார்த்த நிழல், திரையில் தெரியும் வீட்டில் பத்து வருஷத்தை ஒரே நிமிஷத்தில் வாழ்ந்து காட்டிவிடும்.

இந்த வீட்டையே திரையில் இரண்டு விதமாக ஓட்டினார்கள். மொட்டைமாடியில் கரி அடுப்புக்கு அனுமதி கொடுத்த வீட்டில் வாராவாரம் மீன் சுட்டும் சுவர்கூடக் கறுக்கவில்லை. தடைபோட்ட வீட்டிலோ, நாற்பதாம் நாளே அவளுடைய நிழல் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தி விளைமீன் சுட்டுக்கொண்டிருந்தது.

“பாத்தியாம்மா, சொன்ன பேச்சை மீறுத ஆளு நீ,” என்றார் வீட்டுக்காரர் ஞானதுரை.

“இன்னும் நான் ஒரு வாக்கும் கொடுக்கலியே அண்ணாச்சி. ஆனா தடை போட்டா மீறுவேன். எழுதிக்கிடுங்க.”

“மாசத்துக்கு ஒரு தடவை?”

“ஞாயித்துக்கிழமை தோறும். ஆறு நாள் சமையல்பொறி போடுததைத் தின்னுதேன். ஏழாம் நாள் என் கையால தீ மூட்டணும். இதுல பேரம் கிடையாது.”

“அப்போ வீடும் கிடையாது.”

ஏழு வீடுகளில் இந்த இடத்தில்தான் அவள் எழுந்து போயிருந்தாள். விடுதி அறையை நாளை காலி செய்தாக வேண்டும். இன்று எழவில்லை.

“சட்டப்படி உங்க நிழலையும் நான் பாக்கலாம். ஓட்டுங்க.”

“என்னோடதா? நான் வீட்டுக்காரன்லா!”

“பயமா இருக்கோ?”

ஓட்டினார். தடைபோட்ட வீட்டில் அவருடைய நிழல் ஒருமுறைகூட மாடி ஏறவில்லை. அனுமதி கொடுத்த வீட்டில் முதல் ஞாயிறே புகையைச் சோதிக்க ஏறியது. அடுத்த ஞாயிறு தட்டோடு ஏறியது. அப்புறம் பத்து வருஷமும் “உப்பு பத்தலை, எலுமிச்சையைப் பிழி” என்று கிருபாவதியை விரட்டிக்கொண்டே தின்றது.

ஞானதுரை தொண்டையைச் செருமினார். “சரி, போகுது. அனுமதின்னே எழுதிருவோம்.”

“வேண்டாம். தடைன்னு எழுதுங்க.”

“தடை போட்டா நீ சுடுவியே!”

“சுடுவேன். ஆனா தடை போட்ட மனுசன் தட்டைத் தூக்கிட்டு வர முடியாதுல்லா?”

ஞானதுரை பேனாவைப் பிடித்தபடியே திரையைப் பார்த்தார். அங்கே அவருடைய நிழல் ஐந்நூறாவது ஞாயிற்றின் மீன்முள்ளைச் சாவகாசமாகச் சப்பிக்கொண்டிருந்தது.

“ஏம்மா,” என்றார் குரலைத் தாழ்த்தி, “வாரத்துக்கு ரெண்டு நாள் சுட்டாத்தான் என்ன?”