இரண்டு பெயருக்கும் ஒரே பதில்

சோதனைக்காகக் கேபிளை உருவியபோது மதியம் மணி இரண்டு ஆறு. மாற்றம் நடந்தது இரண்டு ஐந்துக்கு என்று திரையில் ஓடிய பதிவு சொன்னது.

உருவிய கேபிளைக் கையில் பிடித்தபடியே அவன் அந்த வரியை மறுபடி படித்தான். ஜன்னல் இல்லாத அறை. தரையின் துளைகள் வழியே குளிர்காற்று கிளம்பிக் கால்சட்டைக்குள் ஏறியது. நூற்றுக்கணக்கான சின்ன விசிறிகள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்க, சூடேறிய தூசின் வாடை மூக்கை அடைத்துக்கொண்டு நின்றது.

"அண்ணே, நான் பிடுங்கறதுக்கு முன்னாடியே மாறிடுச்சு."

சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் அலமாரிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். "கடிகாரம் முன்னபின்ன ஓடும்ப்பா. என் சர்வருக்கு ஒண்ணுமே தெரியல. ஜம்முனு ஓடுது."

தெரியக் கூடாது என்பதற்குத்தான் அந்த ஏற்பாடே. தரவுகளைச் சேர்த்துவைக்கும் அந்தப் பெட்டிக்கு மேல் பாதி, கீழ்ப் பாதி என்று இரண்டு. கேபிள் செருக மேலே இருக்கும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் கீழே ஒரு ஜோடி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். சர்வர்கள் அந்தப் பெயரைக் கூப்பிட்டுத்தான் கேட்கும். ஒன்று விழுந்தால் அதன் ஜோடி அந்தப் பெயரையும் எடுத்துக்கொண்டு, இரண்டு பெயருக்கும் தானே பதில் சொல்லும். கூப்பிட்டவருக்கு ஆள் மாறியது தெரியாது. விழுந்தது எழுந்ததும் பெயர் அதனிடம் திரும்பிவிடும்.

அலுவலகத்தில் மேல் பாதியை வீட்டுக்காரர் என்பார்கள். கீழ்ப் பாதியை வீட்டுக்காரம்மா.

"வீட்டுக்காரர் விழுறதுக்குள்ள வீட்டுக்காரம்மா முந்திக்கிட்டாங்க. எல்லா வீட்லயும் இதே..." அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கப்பா. பழக்கதோஷம்."

"பரவால்லண்ணே."

எட்டு மாதமாக அவன் காதுபட யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை.

கேபிளைத் திரும்பச் செருகினான். பச்சை விளக்கு எரிந்தது. பெயர் திரும்பவில்லை. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கீழ்ப் பாதியே இரண்டு பெயருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

"பிடிச்ச பிடிய விடலியே," என்றார் அண்ணன். "உன் முகமே சரியில்ல. போய் ஒரு டீ குடி. நான் பாத்துக்கறேன்."

அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வெளியே தாழ்வாரத்தில் சின்னச் சின்னப் பெட்டகங்கள். அவன் பெட்டகத்தின் சாவி அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. உள்ளே இரண்டு போன்கள். ஒன்று அவனுடையது. மற்றது இறந்துபோன மனைவியுடையது.

அவள் போனை அவன் நிறுத்தவில்லை. அவள் போய்ப் பத்தாம் நாள் மகளின் மழலையர் பள்ளியிலிருந்து அதற்கு ஒரு செய்தி வந்தது: பாப்பா தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டாள். உண்மையைத் தட்டச்சு செய்ய விரல் எழவில்லை. "சாரி மிஸ், நாளைக்கு அனுப்பறேன்" என்று எழுதி, அவள் எப்போதும் போடும் மஞ்சள் பூவையும் வைத்து அனுப்பினான். அதற்கு மறுநாள் இன்னொன்று. அப்படியே எட்டு மாதம். வேனில் போய் வேனில் வரும் குழந்தை. பள்ளியைப் பொறுத்தவரை அவள் இருந்தாள். குழந்தையை அழைத்துப்போக அனுமதியுள்ளவர் என்ற அட்டையில் இன்னும் அவள் படம்தான்.

அவள் போன் வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ கன்னத்தில் வைத்திருந்ததுபோல.

இரண்டு ஐந்துக்கு மிஸ்ஸின் செய்தி: பாப்பாவுக்குக் காய்ச்சல், உடனே வாங்க.

அதன் கீழே, அதே நிமிடத்தில், பதில்: வந்துட்டேன் மிஸ். ஒரு மஞ்சள் பூ.

அவன் அனுப்பவில்லை.

அந்தப் போனிலிருந்தே பள்ளிக்கு அடித்தான்.

"சொல்லுங்க பாப்பாம்மா, மறுபடியும் என்ன?" என்றாள் மிஸ். அவன் குரலைக் கேட்டதும் தயங்கினாள். "யாரு சார்?"

"பாப்பாவோட அப்பா. பாப்பா எங்க?"

"அவங்க அம்மா வந்து கூட்டிட்டுப் போயாச்சே சார். நான்தான் அட்டையப் பாத்து அனுப்பினேன், அவங்களேதான். ரொம்ப இளைச்சிருக்காங்களே, உடம்புக்கு என்ன? பாவம், கை ஐஸ் மாதிரி இருந்துது. பாப்பா ஓடிப்போய்க் கட்டிக்கிட்டா. காய்ச்சல்கூடச் சட்டுனு இறங்கிடுச்சு."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். சுவர் அதிர்ந்தது. உள்ளேயிருக்கும் விசிறிகள். விசிறிகள்தான்.

வீடு. வீட்டுத் தொலைபேசி. எண்ணை இரண்டு முறை தப்பாக அழுத்தினான்.

மணி அடித்தது. அடித்தது. எடுத்தார்கள்.

"அலோ?" மகள். மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு. அப்பா பேசறேன். கதவத் திறந்துக்கிட்டு வெளிய போ. எதிர் வீட்டு ஆன்ட்டிகிட்ட ஓடு. இப்பவே."

சிரிப்பு நின்றது.

"அம்மா," என்று மகள் யாரிடமோ சொன்னாள். "யாரோ அப்பா மாதிரியே பேசறாங்க."

"அப்பாதான்டா! நான்தான்!"

"இல்ல. எங்கப்பா இங்கதான் இருக்காரு."

போன் கைமாறும் ஓசை. மெல்லிய இழுவை. ஈரத்துணி தரையில் நகர்வதுபோல.

பிறகு அவனுடைய குரல். அவன் கனைக்கும் அதே கனைப்பு. "சொல்லுங்க. யாரு வேணும்?"

அதன் பின்னால் மகள் மறுபடி சிரித்தாள். மூன்று தட்டுகள் மேசைமேல் ஒவ்வொன்றாக வைக்கப்பட்டன.

"யாருங்க பேசறது?" என்றது அவன் குரல், பொறுமையாக.

தன் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தான்.

வாய் திறந்தபடியே இருந்தது. பெயர் வரவில்லை. முதல் எழுத்துக்கூட.