ஐந்தாவது பெயர்

ஏரி வற்றி ஐந்து மாதமாகியிருந்தது. அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன பழைய சாந்தா பிரிகிதா ஊர் ஒவ்வொன்றாய் வெளியே வந்தது. முதலில் தேவாலயக் கோபுரம், பிறகு பள்ளிக்கூடச் சுவர், கடைசியில் நகர மன்றக் கட்டடம். மேட்டில் இருக்கும் புதிய ஊரிலிருந்து இப்போது நடந்தே போகலாம். மேயர் எர்லிந்தோவைச் சொல்ல வேண்டுமா? ஊர் தோன்றிய நாள் கூட்டத்தைப் பழைய மன்றத்திலேயே நடத்திப் படம் பிடித்துப் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

கூட்டத்தன்று காலை வார்டு காவலர் பட்டியலோடு தெருவில் வந்து ஆள் கூப்பிட்டார்.

"லிப்ராடா பால்மோனெஸ்!"

"இருக்கா, இருக்கா! தலை சீவிக்கிட்டிருக்கா!" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பசியானா கத்தினாள். அந்த ஊரில் அப்படித்தான். பெயர் கூப்பிட்டால் யாருடைய பெயரும் பதிலில்லாமல் நிற்கக் கூடாது. ஆள் வயலில் இருந்தாலும் வீட்டாரோ பக்கத்து வீட்டாரோ குரல் கொடுத்துவிடுவார்கள். லிப்ராடா ஆறு வயதிலிருந்து அப்பாவுக்காகக் குரல் கொடுத்துப் பழகியவள். இப்போது அவளுக்கு ஐம்பத்தாறு. மன்றத்தின் செயலாளர். வீட்டில் அவளும் அப்பா அனக்லெத்தோவும் மட்டும்தான்.

பழைய நடவடிக்கைப் புத்தகத்தை அவள் பைக்குள் வைத்ததை அப்பா பார்த்துவிட்டார்.

"அதை எதுக்கும்மா எடுத்துட்டுப் போற?"

"படம் எடுக்கத்தான், தத்தாங்."

"அங்க வச்சு என் பேரைக் கூப்பிட விட்டுடாதே." அவர் படுத்தபடியே அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் அவங்க கூட்டத்தை முடிக்கல, லிப்ராடா. எனக்காக உக்காந்திருக்காங்க."

பசியானா வேலியைத் தாண்டி வந்து கஞ்சிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். "நீ கிளம்பு. கிழவரு நாலு வாய் கஞ்சி குடிச்சா எல்லாப் பேயும் ஓடிடும்."

ஊரே அறிந்த கதை அது. அணைக் கதவை மூடிய வருடம் மன்றத்தின் ஐந்து உறுப்பினர்கள் எழுந்திருக்க மறுத்து உட்கார்ந்தார்கள். ஐந்து பேர் இருந்தால் கூட்டம். கூட்டம் நடக்கிறவரை ஊரைக் கலைக்க எவனுக்கும் உரிமையில்லை என்று நம்பினார்கள். மழை கொட்டிய மூன்றாம் நாள், வீட்டை ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறேன் என்று அனக்லெத்தோ புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். பிறகு திரும்பிப் போக அவருக்குக் கால் எழவில்லை. ஐந்து பேர் இல்லாமல் கூட்டத்தைத் தொடங்கவும் முடியாது, முடிக்கவும் முடியாது. மற்ற நால்வரும் அவரை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தபோதே தண்ணீர் வந்தது.

உச்சி வெயிலில் மன்றத்தார் பழைய கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். கூரை இல்லை. தூண்களெல்லாம் சிப்பி அப்பிக் கிடந்தன. காலடியில் சேறு பாளம் பாளமாய் வெடித்திருந்தது. மேயர் எதிரே ஐந்து வெற்று நாற்காலிகளைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மல்லிகைச் சரம் மாட்டியிருந்தார்.

"மானாங்," என்று லிப்ராடாவை அக்கா முறை வைத்துக் கூப்பிட்டார். "நம்ம பேரெல்லாம் அப்புறம். முதல்ல பழைய ஆளுங்களைக் கூப்பிடுங்க. வந்தாங்கன்னா ஆளுக்கொரு சோத்துப் பொட்டலம் குடுத்துடலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். லிப்ராடா சிரிக்கவில்லை.

"எங்கப்பா உசுரோட இருக்காரு, மேயர். அவரைச் செத்தவங்களோட சேர்க்க மாட்டேன்."

"கோவிச்சுக்காதீங்க. நாலோட நிறுத்திக்கலாம்."

நாலுதானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டு அவள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். ஐந்து பெயர்கள். அவற்றுக்குக் கீழே வெறுமை.

"ஹிலாரியோ புக்தோங்."

எங்கோ ஒரு சொட்டு தண்ணீர் விழுந்தது.

கூரையில்லாத கட்டடம். ஐந்து மாதமாக மழை காணாத ஊர். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் இருமினார்.

"மார்சியானோ தும்பாகா."

ஏரியின் அடியில் கிடக்கும் பாசியின் வாடை குப்பென்று எழுந்தது. வெயில் அப்படியேதான் இருந்தது, ஆனால் லிப்ராடாவுக்கு முழங்கை வரை சில்லிட்டது. நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தாள். வாய் நிற்கவில்லை.

"எலூதெரியோ சகுன்."

மூன்றாவது நாற்காலியின் கால்கள் சேற்றில் மெல்ல அமிழ்ந்தன.

யாரோ கனமாக உட்கார்ந்ததுபோல.

"போதும் மானாங்," என்று யாரோ கிசுகிசுத்தார்.

"ஃபௌஸ்தோ இலாகன்." அது அவள் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

நான்கு நாற்காலிகளிலிருந்தும் தண்ணீர் ஒழுகியது. மல்லிகைச் சரங்கள் கறுத்துத் தொங்கின. ஐந்தாவது மட்டும் காய்ந்த தரையில் காய்ந்தே நின்றது. லிப்ராடா புத்தகத்தை மூடினாள். இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் பெயரை அவள் சொல்லமாட்டாள். தலையே போனாலும் சொல்லமாட்டாள்.

பெயர் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. நிதானமான, ஈரமான குரல். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல.

"அனக்லெத்தோ பால்மோனெஸ்."

"இருக்கார்!" என்றாள் லிப்ராடா.

ஐம்பது வருடப் பழக்கம். நாக்கு முந்திக்கொண்டது. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

ஐந்தாவது நாற்காலி அமிழ்ந்தது.

மேயர்தான் முதலில் ஓடினார். லிப்ராடா செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு மேட்டை நோக்கி ஓடினாள். வழியெல்லாம் "இல்லை, அவர் இல்லை, நான் சும்மா சொன்னேன்" என்று அழுதுகொண்டே ஓடினாள். கேட்க யாருமில்லை.

வாசலில் பசியானா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"கஞ்சி குடிச்சுக்கிட்டே இருந்தாரு லிப்ராடா. திடீர்னு நிமிர்ந்து உக்காந்து, 'இதோ வந்துட்டேன்'னாரு. அவ்வளவுதான், சாஞ்சுட்டாரு."

அனக்லெத்தோவின் கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. கால்விரல் இடுக்குகளில் ஏரிச் சேறு இருந்தது. கட்டிலிலிருந்து இறங்கி அவர் இரண்டு வருடமாகியிருந்தது. அந்தக் கால்களைத் துடைத்து முடிக்க அவளுக்கு நெடுநேரமாயிற்று.

அப்பாவுக்கான ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்த பிற்பகல் மழை வந்தது. ஏரி ஏறுகிறது என்று தெருவே குதூகலித்தது. லிப்ராடா சமையலறையில் தனியாக உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை அடுப்பில் போட எடுத்தாள். ஒரே ஒரு ஆறுதல்தான் அவளுக்கு மிச்சம்: ஐந்து பேரும் சேர்ந்துவிட்டார்கள், இனி கூட்டத்தை முடித்துக்கொண்டு நிம்மதியாகப் போவார்கள். அதை எழுதியிருப்பார்களோ என்று கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள்.

காலியாக இருந்த இடத்தில் ஈரம் காயாத மையில் மூன்று வரிகள் இருந்தன.

ஐவரும் வந்துள்ளனர்.

கூட்டம் தொடர்கிறது.

எழுதிக்கொள்ளச் செயலாளர் தேவை.

அவள் கையிலிருந்து புத்தகம் நழுவியது. வெளியே மழையின் ஓசைக்கு நடுவே, தெருக்கோடியில் யாரோ பெயர் கூப்பிட்டார்கள். அவள் மிக நன்றாக அறிந்த, அப்பாவின் குரல். ஆனால் வாய் நிறையத் தண்ணீர்.

"லிப்ராடா பால்மோனெஸ்."

இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். மூச்சுக்கூட விடவில்லை. நாக்கைப் பல்லால் கடித்துப் பிடித்தாள், ரத்தம் கரித்தது. பதில் சொல்லமாட்டேன். இந்த முறை சொல்லவேமாட்டேன்.

"லிப்ராடா பால்மோனெஸ்."

வேலிக்கு அந்தப் பக்கம் ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது.

"இருக்கா, இருக்கா!" என்று பசியானா மழையை மீறிக் கத்தினாள். "வீட்டுலதான் இருக்கா, உள்ள போங்க!"