இரண்டு தட்டினால் மூடி

தோரிபியா சுரண்டியால் இரும்பில் ஒரு தட்டு தட்டினாள். பதில் தட்டு வந்தது. ஆனால் மேலிருந்து அல்ல, பக்கத்துச் சுவரிலிருந்து.

போர்க்கப்பலின் அடிவயிற்றில், இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே, குப்புறப் படுத்து நகர மட்டுமே இடமுள்ள அறை அது. துருவும் பழைய எண்ணெயும் செத்த கடல்நீரும் கலந்த வாடை தொண்டையில் களிம்பாய் ஒட்டியது. காயாவோ என்னும் துறைமுக ஊரின் ஆண்களையெல்லாம் சண்டைக்குப் பிடித்துப் போய்விட்டார்கள். துரு சுரண்ட ஒல்லியான பெண்களை இறக்கினார்கள். மேலே தகடுகளில் ஆணி அறையும் இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால் தட்டுதான் பேச்சு. ஒன்று என்றால், உள்ளே இருக்கிறேன். இரண்டு என்றால், ஏறிவிட்டேன், இறங்கும் வாயின் மூடியைப் போட்டுக்கொள்.

"மெழுகுவத்தி மங்கினா உடனே ஏறிடு. துரு காத்தைத் தின்னுடும்" என்று சொல்லித்தான் மேஸ்திரி பாஸ்குவால் இறக்கினான்.

"அதிகாரிங்க தின்னது போக மிச்சம் இருந்தாத் தின்னட்டும், மேஸ்திரி."

அவளுடைய கைக்குழந்தை மேல்தளத்தில், தோழி காசில்தாவிடம் இருந்தான்.

"அழுதா என்னடி பண்றது?" என்று கேட்டிருந்தாள் காசில்தா.

"உன் மூஞ்சியக் காட்டாதே. அழமாட்டான்."

பக்கத்து அறையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஊருக்கே தெரிந்த கதை. போன சண்டையில் குண்டு துளைத்து அங்கே தண்ணீர் ஏறியது. கப்பலை அறை அறையாகத் தடுத்துக் கட்டியதே அதற்குத்தான். ஒன்றை மூடினால் மற்றவை மிதக்கும். மூடினார்கள். உள்ளே கரி அள்ளும் இருவர் இருந்தார்கள். கப்பல் பிழைத்தது. அந்தக் கப்பலுக்கு வரைபடம் போட்டவனுக்குப் பதக்கம் குத்தினார்கள்.

மறுபடி ஒரு தட்டு தட்டினாள்.

சுவர் பதில் சொன்னது. இந்த முறை அவள் முகத்துக்கு நேராக.

சுடர் சுருங்கியது. மேலே ஆணி அறைவது நின்றது, சாப்பாட்டு நேரம். அந்த அமைதியில் காற்றுக்குழாய் வழியே குழந்தையின் அழுகை இறங்கி வந்தது. மார்பில் பால் கசிந்து தகட்டில் சொட்டியது. திரும்ப வேண்டும். முழங்கை ஊன்றவில்லை. மேஸ்திரி என்று வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. மூச்சு இல்லை.

ஒரு தட்டு தட்டினாள். உள்ளே இருக்கிறேன்.

சுவரின் அடியில் வடிகால் துளை. அதை அடைத்திருந்த மரக்கட்டை நகர்ந்தது. பக்கத்து அறைக்குள்ளிருந்து.

விரல்கள் வந்தன. வெளுத்தவை. ஊறியவை. நகக்கண்ணில் கரி. அவள் கையிலிருந்த சுரண்டியை மெதுவாக வாங்கின.

இரண்டு தட்டு.

"ஏறிட்டா" என்றது பாஸ்குவாலின் குரல், வெகு தூரத்தில். "மூடுறா. பசிக்குது."

மூடி விழுந்தது. திருகாணிகள் இறுகின. குழந்தையின் அழுகை பாதியில் அறுந்தது.

சுடர் அணைந்தது.

இருட்டில் அந்த விரல்கள் சுரண்டியை அவள் உள்ளங்கையில் திருப்பி வைத்தன. பிறகு, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக, பதமாக, அதன்மேல் மடித்துவிட்டன.