சுழலாத டிஸ்க்

புது டிஸ்க்குக்குள் சுழல்வதற்கு ஒன்றுமே கிடையாது. அப்படியும் ஹெட்போனில் அந்த இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது.

வாசிக்கத் தொடங்கும் முன் அறையின் வெறும் மௌனத்தைக் கொஞ்ச நேரம் பதிந்து வைத்துக்கொள்வது அவள் வழக்கம். பிறகு பதிவில் பிழைகளை வெட்டும் இடங்களில் அதை வைத்துத்தான் ஒட்டுவார்கள். அந்த மௌனத்துக்கு அடியில் அது மெலிதாக இழைந்தது. சனியன், இன்னுமா தொலையவில்லை! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ரொம்ப நாளாகச் சும்மா கிடந்த குரலுக்குக் கிடைத்த நாவல் இது. ஒலிப்புத்தகம் போடுகிறவர்கள், ‘பின்னால் ஏதோ ஓடுகிறது’ என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பியாயிற்று. இன்னொரு முறை அப்படி வந்தால் வேறு குரலைப் பார்த்துக்கொள்வோம் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார்கள். அதனால் அவளும் கணவனும் சேர்ந்து, பதிவு அறையாக மாற்றிய அந்தச் சின்ன சாமான் அறையிலிருந்து, சத்தம் போடுகிற எதையும் விட்டுவைக்காமல் துரத்தினார்கள். மின்விசிறியைக் கழற்றினார்கள். ஜன்னலை அடைத்தார்கள். சுவரெல்லாம் ஸ்பாஞ்ச். லொடலொடத்த கைப்பிடியைக்கூடக் கதவின் உள்பக்கத்திலிருந்து பிடுங்கியாயிற்று. அவள் மைக்கில் “போதும்” என்றால், ஹாலில் ஹெட்போனும் ஒரு சின்ன மைக்குமாக உட்கார்ந்திருக்கும் கணவன் வந்து திறப்பான். மிச்சம் இருந்தது கம்ப்யூட்டரின் பழைய ஹார்டு டிஸ்க் மட்டும்தான்.

காலையில் கடைக்காரர் இரண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“இது தட்டு சுத்துறது. இடம் ஏகப்பட்டது கிடைக்கும். இது எஸ்.எஸ்.டி. உள்ள அசையிற பொருளே இல்ல. எங்க மச்சான் மாதிரி, உட்கார்ந்த இடத்துலயே எல்லாம் நடக்கும்.”

“சத்தம்?” என்றாள்.

“காதை வச்சுப் பாருங்கம்மா. ஏதாவது கேட்டா திருப்பிக் கொண்டாங்க, மறுபேச்சு பேசாம வாங்கிக்கறேன்.”

கணவன் பெரியதையே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் விடவில்லை. “இடம் பத்தலன்னா பழசை அழிச்சுக்கலாங்க. இரைச்சலை என்ன பண்றது?” என்று பிடிவாதமாகச் சின்னதையே வாங்கி வந்தாள்.

இப்போது அதே நாள் மதியம், வெளியே வெயில் கொளுத்த, ஸ்பாஞ்சின் ரப்பர் வாடையும் தன் வேர்வை வாடையும் கலந்த இருட்டில், திரையின் வெளிச்சத்தை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு அவள் அந்த இரைச்சலைக் கூர்ந்து கேட்டாள். பழைய டிஸ்க்கின் ரீங்காரம் ஒரே சீராக இருக்கும், இது அப்படியில்லை, மெல்ல ஏறியது, கொஞ்சம் தங்கியது, பிறகு மெல்ல இறங்கியது.

மூச்சு.

என் மூச்சுதான், வேறென்ன, லூசு மாதிரி பயந்துகிட்டு, என்று தன்னையே திட்டிக்கொண்டு மூச்சை அடக்கினாள். அது நிற்கவில்லை. திரையில் ஒலியைக் காட்டும் கோடு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. பழைய டிஸ்க் இத்தனை நாளும் தன் ரீங்காரத்தால் இதைத்தான் மூடி வைத்திருந்தது என்று புரிந்ததும் அவள் மைக்கை வாயருகே இழுத்தாள்.

“ஏங்க, போதும். திறங்க.”

ஹெட்போனில் கணவனின் குரல் வந்தது. “சுத்தமா இருக்கும்மா. நீ ஆரம்பி.”

“திறங்கன்னு சொல்றேன்ல!”

“அருமையா வருது. நிறுத்தாம படி.”

அவள் படிக்கவில்லை. ஆனால் நாவலின் முதல் பக்கம் காதில் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய குரல். வரிக்கு நடுவே எச்சில் விழுங்கும் அவளுடைய பழக்கம்கூட அப்படியே. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். குரல் நிற்கவில்லை. சொல்லப்போனால் அவளைவிட நன்றாகவே வாசித்தது.

கதவை ஓங்கி அடித்தாள். ஸ்பாஞ்ச் அடியை விழுங்கியது. கைப்பிடி இருந்த ஓட்டையில் விரலை விட்டு இழுத்தாள். நகம் பிய்ந்தது. கதவு அசையவில்லை. தோளால் மோதினாள். மறுபடி மோதினாள். ஒன்றும் நடக்கவில்லை.

வாசிப்பு நின்றது.

“போதுங்க. திறங்க,” என்றது அவள் குரல்.

யார் கேட்டால் என்ன, கதவு திறந்தால் போதும். அவள் இரண்டு கைகளையும் கதவில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“இதோ வந்துட்டேன்.”

தாழ்ப்பாள் விலகும் சத்தம். ஹெட்போனில். அவள் உள்ளங்கைக்கு அடியில் கதவு துளிக்கூட நகரவில்லை.

“யப்பா, உள்ள என்ன புழுக்கம்!” அவள் சிரிப்பு. ஹாலில். நாற்காலியை இழுக்கிற சத்தம். டம்ளரில் தண்ணீர் விழுகிற சத்தம்.

“இந்தத் தடவை திருப்பவே மாட்டாங்க பாரு,” என்றான் கணவன். “என்னமோ தெரியல, இன்னைக்கு உன் குரல் ரொம்ப நல்லா இருந்துச்சு.”

“ஏங்க! நான் இங்க இருக்கேன்! நான் இங்க!”

அவன் பேச்சு நின்றது. அவள் தொண்டை கிழியக் கத்தினாள். கேட்டுவிட்டான். கேட்டுவிட்டான்.

“பின்னாடி இன்னும் லேசா ஏதோ ஓடுதும்மா.”

“எங்க, குடுங்க பார்ப்போம்.”

ஹெட்போன் கைமாறும் உரசல். பிறகு காதுக்குள், மிக அருகில், மெல்ல ஏறி இறங்கும் மூச்சு. அது அவளைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

“எனக்கு ஒன்னும் கேக்கலைங்க,” என்றது. “சுவிட்சை அணைச்சிடுங்க.”

திரை அணைந்தது. இருட்டில் அவள் வாய் பிளந்து அலறிக்கொண்டே இருந்தாள். அவள் காதிலேயே அந்த அலறல் விழவில்லை.