ரங்குவுக்கு எந்தப் பள்ளிக்கூடம்?

அமராவதியின் தங்கை பெயர் ரங்காத்தாள். எல்லோரும் ரங்கு என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். பதில் மட்டும் சொல்ல மாட்டாள்.

தை மாதம் அம்மா காய்ச்சலில் இறந்துபோனதிலிருந்து அப்படித்தான். அதற்கு முன்பு ரங்கு வாய் ஓயாமல் பேசுவாள். கோழியோடு பேசுவாள், குடத்தோடுகூடப் பேசுவாள். "இவ வாய்க்கு ஒரு பூட்டு வாங்கோணும்" என்று அம்மாவே சொல்லிச் சிரித்திருக்கிறாள். இப்போது ஏதாவது வேண்டுமென்றால் அக்காவின் காதில் மட்டும் கிசுகிசுப்பாள்.

அது 1966ஆம் வருடம். அவர்கள் வீடு திருப்பூரை ஒட்டிய மண்ணரையில் இருந்தது. அப்பா மயில்சாமி ஒரு பனியன் கம்பெனியில் மெஷின் ஓட்டினார். அம்மா கமலாம்பாளும் அங்கேதான் வேலை பார்த்தாள். பனியன்களை மடித்து அட்டைப் பெட்டிகளில் அடுக்குவாள். பெட்டியின் மேல் இங்கிலீஷில் ஏதோ அச்சடித்திருக்கும். அம்மாவுக்கு அதைப் படிக்கத் தெரியாது.

"சின்னவளையாச்சும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல போடுங்க. இதுல என்ன எழுதியிருக்குதுன்னு அவ படிச்சுச் சொல்லோணும்" என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாள். அப்பாவும் சரி என்று சொல்லியிருந்தார்.

ரங்குவுக்கு ஐந்து வயது முடிந்ததும் அப்பா யோசிக்கத் தொடங்கினார். அமராவதி ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அரசுப் பள்ளி மண்ணரையிலேயே, கூப்பிடு தூரத்தில் இருந்தது. இங்கிலீஷ் பள்ளி திருப்பூருக்குள் இருந்தது. தனியார் பள்ளி. பிள்ளைகள் ஷூ போட்டுக்கொண்டு போவார்கள்.

நான்கு நாள் யோசித்துவிட்டு, "இங்கிலீஷ் பள்ளிக்கூடந்தான்" என்றார் அப்பா.

'என்னை மட்டும் ஏன் அங்கே சேர்க்கவில்லை?' என்ற கேள்வி அமராவதியின் வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

முதல் நாள் காலையில் ரங்கு ஷூவை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு வாத்து மாதிரி நடந்து வந்தாள். அப்பா வெகு நாளைக்குப் பிறகு சிரித்தார். அவளைச் சைக்கிளின் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போனார். சாயங்காலம் தன் பள்ளி விட்டதும் நடந்துபோய் ரங்குவைக் கூட்டி வருவது அமராவதியின் வேலை.

அன்று சாயங்காலம் அமராவதி போனபோது ரங்கு பள்ளி வாசலில் ஆயாவோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய பாவாடை நனைந்திருந்தது.

"என்ன கண்ணு ஆச்சு?"

ரங்கு அக்காவின் காதில் கிசுகிசுத்தாள். "ஒரு விரல் காட்டினேன். டீச்சர் இங்கிலீஷ்ல கேக்கச் சொன்னாங்க."

டீச்சர் கெட்டவர் இல்லை. வெளியே போக வேண்டுமானால் எழுந்து நின்று இங்கிலீஷில் கேட்க வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் வழக்கம். மற்ற பிள்ளைகள் இரண்டே நாளில் கற்றுக்கொண்டார்கள். ரங்குவுக்கும் அந்தச் சொற்கள் மனப்பாடம்தான். வாய்தான் திறக்கவில்லை.

மறுநாளும் பாவாடை நனைந்திருந்தது. அதற்கு அடுத்த நாளும். காலையில் ரங்கு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள்.

அமராவதி தினமும் பாவாடையை அலசி, அப்பா வருவதற்குள் காயப் போட்டுவிடுவாள். அப்பா வந்ததும், "இன்னிக்கு என்ன படிச்ச அம்மிணி?" என்று ரங்குவைக் கேட்பார். ரங்கு தலையை ஆட்டுவாள். அதுவே பெரிய பதில் என்பதுபோல அப்பா அவள் கன்னத்தைத் தட்டுவார். அந்த முகத்தைப் பார்த்தால் அமராவதிக்குச் சொல்ல மனம் வராது.

இன்னொரு பயமும் அவளுக்கு இருந்தது. 'எனக்குக் கிடைக்காத பள்ளிக்கூடம் இவளுக்கும் வேண்டாம் என்று நினைத்துத்தான் சொல்லப் போகிறேனோ?' என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். கொஞ்சம் பொறாமை இருந்தது உண்மைதான்.

பத்தாம் நாள் காலையில் ரங்கு அவள் காதருகே வந்தாள். "அக்கா, நான் இன்னிக்குச் சோறும் திங்கல. அப்பறம் நனையாதில்ல?"

அமராவதி தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். பொறாமைப்பட்டதையும் சேர்த்தே சொன்னாள்.

அப்பா சைக்கிளைத் துடைப்பதை நிறுத்தவில்லை. துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"ஏன் கண்ணு எங்கிட்ட முன்னமே சொல்லல?"

"நீங்க இப்பத்தானுங்கப்பா கொஞ்சம் சிரிக்கறீங்க."

அப்பா கீழே உட்கார்ந்துவிட்டார். "உங்கம்மாளுக்குச் சொன்ன ஒரே வார்த்தை அது. அதையும் நான் காப்பாத்த வேண்டாமா?"

அமராவதி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா ரங்குவைப் படிக்க வைக்கத்தானுங்க சொல்லுச்சு. பட்டினியாப் போகச் சொல்லலீங்களே. எங்க பள்ளிக்கூடத்துல இந்த வருசம் எனக்கு இங்கிலீஷ் எழுத்துச் சொல்லிக் குடுக்கறாங்க. நான் அவளுக்குச் சொல்லித் தர்றனுங்க. அவ எங்கூடவே இருக்கட்டும். வாய் பேச வந்ததுக்கப்பறம் எந்தப் பள்ளிக்கூடம்னு யோசிக்கலாமுங்க."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையில் சைக்கிள் துணி இருந்ததால் முகமெல்லாம் கறுப்பு மை ஆகிவிட்டது. ரங்கு ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "மொதல்ல நீ குடி சாமி" என்றார் அப்பா.

அன்றைக்கே மூவரும் மண்ணரைப் பள்ளிக்குப் போனார்கள். தலைமையாசிரியர் சென்னியப்பன் ரங்குவின் வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். கை எட்டினால் பள்ளி வயது. ரங்கு எம்பினாள். விரல் நுனி காதில் பட்டது.

"கைதான் நீட்டோணும், ஆள் எகிறக் கூடாது" என்றார் சார். ஆனாலும் பெயரை எழுதிக்கொண்டார்.

"சார், அவ பேச மாட்டாளுங்க. ஒரு விரல் காட்டினா வெளியே விட்டிருவீங்களா?" என்று அமராவதி கேட்டாள்.

சார் அவளையும் ரங்குவையும் பார்த்தார். அம்மா போனது அவருக்கும் தெரியும். "இங்க எல்லாரும் விரல்தான் காட்டறாங்க. சில பேரு நாளைக்குப் பத்துத் தடவை காட்டறாங்க" என்றார்.

ஒன்றாம் வகுப்பில் ரங்குவைக் கருப்பாத்தாள் என்ற சிறுமியின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பெயர் கூப்பிட்டபோது ரங்கு பேசாமல் கையைத் தூக்கினாள். "வந்திருக்குதுங்க சார்" என்று அவளுக்கும் சேர்த்துக் கருப்பாத்தாள் கத்தினாள்.

அன்று சாயங்காலம் பாவாடை நனையவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ரங்கு நின்றாள். அக்காவின் காதைத் தேடி எம்பவில்லை. நின்ற இடத்திலிருந்தே மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, அம்மா இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்குதா?"

அமராவதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "வந்துச்சு. என்னை ஒண்ணாவதுல சேத்தறப்ப. நீ அப்பக் கைக்குழந்தை. உன்னையும் இடுப்புல வெச்சுக்கிட்டுத்தான் நின்னுச்சு."

"எங்க நின்னுச்சு?"

அமராவதி அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய், ஒன்றாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே, சுவர் ஓரமாக ஓர் இடத்தைக் காட்டினாள். அங்கே வெறும் மண்தான் இருந்தது. ரங்கு வெகு நேரம் அதைப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் பள்ளிக்கு வந்ததும் ரங்கு நேராக அந்த ஜன்னல் ஓரம் போனாள். சுவரில் சாய்ந்து சிறிது நேரம் தனியாக நின்றாள். மணி அடித்தது. பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு வகுப்புக்குள் ஓடினாள்.