சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஓர் அறை

ஏழு மாதம் எட்டிப் பார்க்காத ஆய்வாளர், அவள் கணவர் இறந்து இருபத்திரண்டு நாள் ஆனபின், ஒரு வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு வந்து வாசல் மணியை அழுத்தினார். கக்கத்தில் தடித்த ரெஜிஸ்டர், கையில் அளவு நாடா, தலைக்கு மேல் ஒரு கம்பி ஒடிந்த குடை. தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"மேடம், பிளானிங் ஆபீஸ்லேருந்து வர்றேன். கீழ ரூம் எடுக்கறதுக்கு மனு குடுத்திருந்தீங்கல்ல, சைட் பாக்கணும்."

"இப்பவா?"

"ஏன், சௌகரியப்படாதா? இன்னைக்கு விட்டா அடுத்த மாசம்தான் இந்தப் பக்கம் வருவேன்."

மனுதாரர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் அங்கேயே நின்று கோப்பை மூடிவிடுவார். ஒரு கோப்பை மூடக் காரணம் கிடைத்தால் அந்த ஆபீஸ்காரர்களின் முகம் எப்படி மலரும் என்று அவள் பார்த்திருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தை இவருக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"பக்கவாட்டுல போங்க. கோடு போட்டிருக்கு," என்றாள்.

அந்த வீட்டை அவர்கள் வாங்கிப் பத்து மாதம்தான் ஆகியிருந்தது. கீழே கூடமும் சமையலறையும், மேலே படுக்கையறை. குளியலறையும் மேலே மட்டும்தான். நடுவில் பதினேழு படி. குடிவந்த இரண்டாம் மாதமே அவள் கணவரின் இதயம் தகராறு செய்ய ஆரம்பித்தது. படி ஏறவே கூடாது என்றார் டாக்டர். ஒண்ணுக்குப் போகவும் ஏறக்கூடாதா என்று இவர் கேட்டதற்கு டாக்டர் சிரித்துவிட்டு அடுத்த மாத்திரையை எழுதினார்.

வீட்டின் இடப்பக்கம் வெறும் மண் கிடந்தது. அங்கே பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறையும் ஓரமாக ஒரு கழிப்பறையும் எழுப்பிவிட்டால் தீர்ந்தது. கட்டட வரைவாளராக முப்பத்தொரு வருடம் ஊரார் வீட்டுக்கெல்லாம் பிளான் போட்டவர் அவர். தன் வீட்டுக்கு இரண்டே நாளில் போட்டு முடித்தார்.

"கட்டில் எதுக்கு ரெண்டு?" என்று அவள் அன்று கேட்டாள். "உங்க குறட்டைக்கு நான் மாடியிலேயே படுத்துக்கறேன். ஒண்ணு போதும்."

"மையில போட்டாச்சு, லைப்ரரி. அழிக்க முடியாது. எப்ப வேணாலும் வா." நூலகத்தில் வேலை பார்த்தவளை அவர் கூப்பிடும் பெயர் அதுதான்.

மனு போனது. வடக்குத் திசைக் குறி இல்லை என்று திரும்பி வந்தது. குறி இருந்தது. ஆபீஸ்காரர்கள் குத்திய காகிதத்துக்கு அடியில் மறைந்திருந்தது. அந்தக் காகிதத்தைத் தூக்கிப் பார்க்க அவர்களுக்கு ஆறு வாரம் பிடித்தது. பிறகு கையெழுத்துப் போடுபவர் பயிற்சிக்குப் போனார். என்ன பயிற்சியோ, போன மாதிரியே திரும்பி வந்தார். பிறகு கோப்பு மூன்றாம் மாடிக்குப் போகவேண்டியிருந்தது, லிப்ட் ஓடவில்லை. படி ஏற முடியாத மனிதர் வீட்டில் உட்கார்ந்திருக்க, அவருடைய காகிதமும் படி ஏற முடியாமல் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருந்தது.

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "சார், நாலே நாள். சுவத்த எழுப்பிடறேன். அப்புறம் அபராதம் கட்டி சரி பண்ணிக்கலாம். ஊர்ல பாதி வீடு அப்படித்தான் நிக்குது."

"நிக்கட்டும். என் வீடு அப்படி நிக்க வேணாம். நானே விதிய மீறினா, நான் போட்ட பிளானுக்கெல்லாம் என்னய்யா மரியாதை?"

அந்த ஆபீஸை மதித்த ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும். அங்கே சம்பளம் வாங்கியவர்கள்கூட மதிக்கவில்லை.

மேஸ்திரி கயிறு பிடித்துச் சுண்ணாம்புப் பொடியில் அறையின் அளவைக் கோடாகப் போட்டுக் காட்டிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து கணவர் ஒரு நீல நாற்காலியை எடுத்துப்போய் அந்தக் கோட்டுக்குள் உட்கார்ந்தார். பேப்பர் படிப்பதும் அங்கே, மாத்திரை போடுவதும் அங்கே. காப்பி கொண்டுபோகிறவள் கோட்டைத் தாண்டி வந்தால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

"சுவத்து வழியா வராத. கதவு எதுக்கு வெச்சிருக்கேன்?"

அவள் சுற்றிப் போய், மேஸ்திரி விட்டிருந்த மூன்றடி இடைவெளி வழியாக நுழைவாள். பூசிய சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது அவருடைய தொழில் பழக்கம். இங்கே சுவர் இல்லாததால் காற்றில் தட்டிவிட்டு, "டொக், டொக்" என்று வாயால் சொல்லிக்கொள்வார். சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார்.

ஏழாம் மாதம், அவள் ஆபீஸ் ஜன்னலில் நின்று, "பிராசஸ்ல இருக்கும்மா, அடுத்த வாரம் வாங்க" என்பதைக் கேட்டுக்கொண்டிருந்த அதே மத்தியானம், அவர் குளியலறைக்குப் போகப் படி ஏறினார். திரும்பி வந்தவள் பதினோராவது படியில் அவரைக் கண்டாள். கைப்பிடியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். கை சில்லிட்டிருந்தது.

அதன்பின் நாலு மழை பெய்துவிட்டது.

சுண்ணாம்புக் கோடு அழியவில்லை.

இப்போது ஆய்வாளர் அந்தக் கோட்டருகே குடையை மடக்கிக்கொண்டு நின்றார். "மனு ரசீது ஒரிஜினல் வேணும் மேடம்."

அவள் அலமாரியில் தேடிக்கொண்டிருந்தபோது வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது. ஆய்வாளர் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆமாங்க சார்... சரிங்க சார்... இதோ கழட்டிடறேன்." பிறகு சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரராக இருக்கும் என்று நினைத்தாள்.

பிறகு இன்னொரு சத்தம் கேட்டது.

டொக், டொக்.

வாயால் சொன்னது அல்ல. கெட்டியான சுவரில் எலும்பு படும் சத்தம்.

ரசீதோடு வெளியே வந்தாள். ஈரப் பூச்சு மணம் மூக்கில் ஏறியது. சுற்றிலும் மண் நனைந்து கறுத்திருந்தது. கோட்டுக்குள் மட்டும் ஒரு சொட்டுக்கூட விழாமல் வெளுத்துக் கிடந்தது. ஆய்வாளரின் செருப்பு இடைவெளிக்கு வெளியே சோடியாக இருந்தது. அவர் உள்ளே வெறுங்காலோடு நின்று, மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன மேடம், கட்டி முடிச்சிட்டு அனுமதி கேக்கறீங்க? இது தப்பில்லையா?"

அவள் நீட்டிய ரசீதை அவர் வாங்கவில்லை.

"ஜன்னல் மூணுக்கு நாலுன்னு பிளான்ல இருக்கு. இங்க நாலுக்கு நாலு. இதுவே ஒரு விதிமீறல். வேலை என்னமோ சுத்தம், அதுல குறை சொல்ல முடியாது. தரை இன்னும் காயல, செருப்பக் கழட்டிட்டு வாங்கன்னு சார் சொன்னார்."

"எந்த சார்?"

"உங்க சார்தான். கையெழுத்து போட்டுக் குடுத்தாரே." ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார்.

அறை ஒன்று. கட்டில் இரண்டு. ஒன்றில் மனுதாரர் உட்கார்ந்திருக்கிறார். மற்றது காலி.

அதற்குக் கீழே கையெழுத்து. முதல் எழுத்தை வீட்டுக்கூரை மாதிரி மடக்கிப் போடும் அந்தக் கையெழுத்தை அவள் நாற்பது வருடமாக அறிவாள்.

"அவர் இறந்து இருபத்திரண்டு நாளாச்சு," என்றாள் மெதுவாக.

ஆய்வாளர் சிரிக்கப் பார்த்தார். திரும்பினார். அவர் முதுகுக்குப் பின்னால் வெட்டவெளியும் மதிலும் தூறலும்தான் இருந்தன. நிமிர்ந்து பார்த்தார். மழை அவர் தலைக்கு மேல் நாலடி உயரத்தில் எதன்மேலோ பட்டுச் சிதறி, விளிம்பு வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது.

அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"ரெஜிஸ்டர்ல அடிச்சுத் திருத்தக் கூடாதே மேடம். பக்கத்துக்கெல்லாம் நம்பர் இருக்கு."

அதைச் சொல்லிவிட்டுத்தான் ஓடினார். செருப்பு அங்கேயே கிடந்தது.

ஆறே நாளில் நோட்டீஸ் வந்தது. ஓர் அறையைக் கட்ட விடுவதற்கு ஏழு மாதம் போதாதவர்களுக்கு, இல்லாத அறையை இடிக்கச் சொல்ல ஆறு நாள் போதுமானதாக இருந்தது. அறை எதுவும் இல்லை என்று இரண்டு வரி எழுதிப் போட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அவள் பேனாவை எடுத்தாள், மூடி வைத்தாள். உயிரோடிருந்தவரைக்கும் அவருக்குக் கிடைக்காத அறை. அதை இல்லையென்று தன் கையால் எழுதிக்கொடுக்க முடியாது. 'அறை உபயோகத்தில் இருக்கிறது, இடிப்பதற்கில்லை' என்று எழுதி அனுப்பினாள்.

அடுத்த புதன்கிழமை மேலதிகாரியே வந்தார். இன்னும் மழை விட்டபாடில்லை. ஆய்வாளர் புதுச் செருப்போடு கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். மேலதிகாரி பக்கவாட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு கேட்டுப் பக்கம் திரும்பினார்.

"என்னய்யா, பட்டப்பகல்லயே ஊத்திட்டு எழுதினியா? வெறும் மண்ணு கெடக்கு."

"சார், கிட்டப் போகாதீங்க சார்," என்று கேட்டுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

"கதவு அந்தப் பக்கம் இருக்கு," என்றாள் அவள். "சுத்திப் போங்க."

"நீங்க வேற. கோட்டுல என்னம்மா கதவு?" அவர் நேராகக் கோட்டை நோக்கி நடந்தார். அப்படி நடந்து பழகியவர். எல்லாரும் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

அது விடவில்லை.

மொத்தென்று ஒரு சத்தம் கேட்டது. மூக்குக்கண்ணாடி தெறித்து விழுந்தது. அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தார். அவர் தலை மோதிய உயரத்தில், ஒன்றுமில்லாத இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம் அப்பியிருந்தது.

தூறல் அதைக் கரைத்தது. அது மெல்ல வழிந்து, சுவரில் வழிவதுபோல, சுண்ணாம்புக் கோடு வரை இறங்கியது.

உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள்.

டொக், டொக்.

"உள்ள யாரு?" மேலதிகாரியின் குரல் அடங்கிப் போயிருந்தது.

"மனுதாரர்," என்றாள்.

நடந்ததைக் கோப்பில் எழுத அவருக்குத் தைரியம் இல்லை. எழுதினால் விளக்கம் கேட்பார்கள். விளக்கம் சொல்வதைவிட அனுமதி கொடுப்பது சுலபம். இந்தச் சின்ன விஷயம் ஏழு மாதம் முன்பு அந்த ஆபீஸில் யாருக்காவது உறைத்திருந்தால், பதினோராவது படிக்கு வேலையே இருந்திருக்காது.

மூன்றாம் நாள் காலை, கடிதப் பெட்டியில் ஓர் உறை கிடந்தது. ஆய்வாளர் அதைப் போட்டுவிட்டுத் தெருமுனையை நோக்கி வேகமாகப் போவதை ஜன்னல் வழியே பார்த்தாள். உறையை எடுத்துக்கொண்டு பக்கவாட்டுக்குப் போய், மூன்றடி இடைவெளிக்கு முன்னால் நின்று பிரித்தாள். அவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது.

"கீழ்த்தளத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. விதிகளுக்கு உட்பட்டு உள்ளது. அனுமதிக்கப்படுகிறது." அவள் குரல் தழுதழுக்கவில்லை. கோபம்தான் வந்தது. "சந்தோஷமா? முத்திரையெல்லாம் போட்டிருக்கான்."

அடுத்த வரியையும் சத்தமாகவே வாசிக்க ஆரம்பித்தாள்.

"குடியிருப்போர்..."

நிறுத்தினாள்.

இருவர்.

அதன் கீழே இரண்டு கையெழுத்து. ஒன்று கூரை மாதிரி மடங்கியது. மற்றதில், நூலகத்தில் தினம் நூறு அட்டைகளில் போட்டுத் தேய்ந்துபோய், கடைசி எழுத்து வாலாக இழுபட்டிருந்தது. அது அவளுடையது. அவள் எங்கேயும் கையெழுத்துப் போடவில்லை.

கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தாள். மை ஒட்டிக்கொண்டு வந்தது.

டொக், டொக்.

மிக அருகில், அவள் காதுயரத்தில்.

அவள் பின்வாங்கவில்லை. உள்ளே போகவும் இல்லை. ஈரக் கட்டைவிரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"அவனுங்களுக்காக ஏழு மாசம் பொறுத்தீங்கல்ல," என்றாள். "எனக்காகவும் கொஞ்சம் பொறுங்க."

நீல நாற்காலி எப்போதோ கொல்லைக்கு எடுத்துப் போகப்பட்டுவிட்டது. ஆனாலும் உள்ளே யாரோ ஒரு நாற்காலியைக் கதவோரமாக இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் தெளிவாகக் கேட்டது.